துண்டு வீசினால் வரும் நாய்

எங்கள் பக்கத்தில் கரையில் நிற்பவரும் படகில் இருப்பவரும் வாயால் பேசிக்கொள்வது குறைவு. அலைச் சத்தமும் காற்றும் எந்தக் குரலையும் பாதி வழியிலேயே அமுக்கிவிடும். தோள் துண்டை எடுத்துத் தலைக்கு மேலே சுழற்றினால் 'சீக்கிரம் வா' என்று பொருள். ஒரு பக்கமாக வீசினால் அந்தப் பக்கம் போகவேண்டும். துடுப்பை நட்டமாகத் தூக்கிப் பிடித்தால் ஏதோ சிக்கல். இரவானால் டார்ச் விளக்கு. பழவேற்காடு முகத்துவாரத்தை ஒட்டிய குப்பங்களில் பிறந்த பிள்ளைக்கு இதையெல்லாம் யாரும் உட்காரவைத்துச் சொல்லித் தருவதில்லை. நடக்கப் பழகும்போதே பார்த்துப் பார்த்து வந்துவிடும். காதே கேட்காத ஒரு ராஜபாளையம் நாயை அதன் ஆயுள் முழுக்க நல்லபடியாக வைத்துக்கொள்ள எங்களுக்குக் கைகொடுத்தது இந்தப் பழக்கம்தான்.

2008 வாக்கில் அது எங்களிடம் வந்தது. சுனாமிக்குப் பிறகு கட்டித்தந்த வீட்டுக்கு நாங்கள் அப்போதுதான் குடிவந்திருந்தோம். சென்னையில் ஒரு பங்களாவில் காவல் வேலை பார்த்த மாமா, ஒரு ஞாயிற்றுக்கிழமை கோணிப்பையில் சுருட்டி எடுத்து வந்தார். வெள்ளை வெளேரென்று உடம்பு, ரோஜா நிறத்தில் மூக்கு, உடம்புக்குப் பொருந்தாத நீளக் கால்கள்.

"இன்னா மச்சான், கன்னுக்குட்டிய புடிச்சாந்துட்ட?" என்றார் நைனா.

"முதலாளி ஊட்டுக் குட்டி மாமா. கூப்டா வர மாட்டேங்குதாம். திமிர் புடிச்ச குட்டி, வேணாம்னுட்டாங்க."

அம்மாவுக்கு அரை மனசு. குடிக்கிற தண்ணீரையே குடம் குடமாகப் பிடித்துச் சேர்த்துவைக்கும் வீட்டில் இவ்வளவு பெரிய நாய் எதற்கு என்பது அவர் கேள்வி. ஆயாதான் இருக்கட்டும் என்றார். சுனாமி அன்று புதுச்சேரிப் பக்கம் சின்னக்காலாப்பட்டில் குடிசைக்குள் ஒளிந்துகொண்ட சிறுவனை ஒரு நாய் முட்டித் தள்ளி மேட்டுக்கு ஓட்டிக்கொண்டு போனது. செல்வகுமார் என்ற பெயர் வைத்த அந்த நாயைப் பற்றி அப்போது உலகப் பத்திரிகைகளெல்லாம் எழுதின. ஆயா அந்தச் செய்தியை டி.வி.யில் பார்த்தவர். அதை மறக்கவில்லை. "ஒரு உசுர காப்பாத்துன சாதிடா அது" என்று சொல்லிக் குட்டிக்கு முதல் சோறு போட்டதும் அவர்தான். நான் வெள்ளையன் என்று பெயர் வைத்தேன்.

திமிர் இல்லை, காது கேட்கவில்லை என்று தெரிந்தது படகு மோட்டாரால். பழுது பார்த்த மோட்டாரை மரச்சட்டத்தில் மாட்டி, கீழே தண்ணீர் நிரம்பிய டிரம்மை வைத்து ஓட்டிப் பார்ப்பார்கள். அந்தச் சத்தத்தில் பக்கத்தில் நிற்பவர் பேசுவதும் கேட்காது. கயிற்றை இழுத்து மோட்டார் உறுமியதும் குப்பத்து நாய்கள் நாலாபக்கமும் சிதறின. வெள்ளையன் அதற்கு முதுகைக் காட்டி மணலில் தூங்கிக்கொண்டிருந்தான். காது மடல்கூட அசையவில்லை. டிரம்மிலிருந்து தெறித்த தண்ணீர் மேலே பட்டபிறகுதான் தலையைத் தூக்கிப் பார்த்தான். நைனா மோட்டாரை நிறுத்திவிட்டுக் குட்டியையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போவதென்று முடிவானது. 1903-ல் தொடங்கிய கல்லூரி அது. சென்னையைச் சுற்றி மாடு, நாய் வைத்திருக்கும் ஏழைபாழைகளுக்கெல்லாம் கடைசி நம்பிக்கை. சிந்தாதிரிப்பேட்டை மார்க்கெட்டுக்கு விடியற்காலை மீன் ஏற்றிப்போகும் வண்டியில், ஐஸ் பெட்டிகளுக்கு நடுவே குட்டியை மடியில் வைத்துக்கொண்டு போனோம். அங்கிருந்து வேப்பேரி பக்கம்தான்.

டாக்டர் அம்மா குட்டியின் முகத்துக்கு எதிரே ஒருவரை நிற்கவைத்து வேடிக்கை காட்டச் சொன்னார். பின்பக்கம் போய், காற்றும் நிழலும் படாதபடி தள்ளி நின்று சாவிக்கொத்தைக் குலுக்கினார், கை தட்டினார், விசில் அடித்தார். ஒன்றுக்கும் திரும்பவில்லை. பிறகு எங்களை உட்காரவைத்து விளக்கினார். தோலுக்கும் மயிருக்கும் நிறம் கொடுக்கும் உயிரணுக்கள் காதின் உள்ளேயும் இருக்கவேண்டும். முழு வெள்ளையாகப் பிறக்கும் நாய்கள் சிலவற்றுக்கு அவை உள்காதில் இருப்பதில்லை. அதனால் அங்கே ரத்த ஓட்டம் கெட்டு, ஒலியை வாங்கும் நுண்ணிய இழைகள் பிறந்த சில வாரத்திலேயே பட்டுப்போகின்றன. மருந்தில்லை. ராஜபாளையத்தில் இது அடிக்கடி வருவதுதான். வெளிநாட்டு டால்மேஷன் இனத்திலும் உண்டு. அமெரிக்காவில் அந்த இனத்தை ஆராய்ந்தவர்கள், ஏறத்தாழ 100-க்கு 30 குட்டிகளுக்கு ஒரு காதிலோ இரண்டிலுமோ கேள்வி இல்லை என்று கண்டிருக்கிறார்கள். ஒரு காது மட்டும் கேட்காத குட்டி மற்றக் குட்டிகளைப் போலவே நடந்துகொள்ளும். யாருக்கும் தெரியாது. அதை இனவிருத்திக்கு விடுவார்கள், அதன் குட்டிகளுக்கும் போகும்.

"பெரிய நாய், காதும் கேட்காது. உங்களால முடியுமா?" என்று டாக்டர் கேட்டார். நைனா யோசிக்காமல் சொன்னார்: "நாங்க கடல்ல யார் பேசறதக் கேட்டோம்மா? கையக் காட்டித்தான் பொழைக்கிறோம்."

அன்று சாயங்காலமே தொடங்கினோம். உள்ளங்கையைக் கீழ்நோக்கி இறக்கினால் உட்கார். இரு கையையும் விரித்தால் நில். துண்டைத் தலைக்கு மேலே சுழற்றினால் வா. டார்ச்சை இரண்டு தரம் மின்னினால் இரவில் வா. குட்டி செய்து முடித்த அதே கணத்தில் வேகவைத்த மீன் துண்டு ஒன்று. கருவாடு கொடுக்கக்கூடாது, உப்பு அதிகம் என்று டாக்டர் கண்டித்துச் சொல்லியிருந்தார். இதில் சைகையைவிட முக்கியமானது ஒன்று உண்டு. கேட்காத நாய்க்குச் சைகை காட்டவேண்டுமென்றால் முதலில் அது நம்மைப் பார்க்கவேண்டும். ஆகவே எதையும் செய்யச் சொல்லாமலே, அவன் தானாகத் திரும்பி எங்கள் முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் மீன் துண்டு கொடுத்தோம். சில மாதத்தில் அது அவன் குணமாகவே ஆகிவிட்டது. எவ்வளவு தூரம் போனாலும் பத்துப் பதினைந்து எட்டுக்கு ஒருமுறை நின்று திரும்பிப் பார்ப்பான். பின்னாளில் எத்தனையோ நல்ல காதுள்ள நாய்களைப் பார்த்திருக்கிறேன். இப்படி ஆளைப் பார்த்துப் பார்த்துப் போன நாய் இன்னொன்றை நான் கண்டதில்லை.

வளர்ந்து நின்றபோது தோள் உயரம் ஏறக்குறைய இரண்டரை அடி. குப்பத்தில் சிலர் நைனாவிடம் நேராகவே கேட்டார்கள், செவிட்டு நாய் என்னத்தைக் காவல் காக்கும் என்று. அதற்கு அவர் செய்த ஏற்பாட்டை இன்றைக்கும் நான் வியக்கிறேன். நாய்க்கு முதல் புலன் மூக்கு. மோப்பம் காற்றில் வரும். எங்கள் ஊரில் காற்று எந்த மாதம் எந்தப் பக்கமிருந்து வரும் என்பது மீன்பிடிக்கிறவனுக்குத் தெரியாமல் இருக்குமா? வாடைக்காலத்தில் வெள்ளையனின் சாக்குப் படுக்கையை வீட்டின் தெற்குப் பக்கம் போடுவார். வடக்கே இருந்து வருகிற காற்று தெருவின் மணத்தையெல்லாம் அவனிடம் கொண்டுவந்து சேர்க்கும். கோடையில் தென்காற்று தொடங்கியதும் படுக்கை வடக்கே போகும். சாயங்காலம் கரைக்குப் போய்க் காற்றைப் பார்த்துவிட்டு வந்து, சில நாள் சாக்கை அரை அடி நகர்த்துவதும் உண்டு. மீன்பிடிக்கப் போய்வரும் ஆட்கள் நடுநிசியில் வீட்டைத் தாண்டுவார்கள். தெரிந்த ஆள் என்றால் வால் ஆடும். தெரியாத ஆள் என்றால் மற்ற நாய்கள் குரைப்பதற்கு முன்பே இவன் எழுந்து நிற்பான். குரைப்பது அபூர்வம். அந்த உயரத்தில் எழுந்து நின்றாலே போதும்.

வீட்டுத் தரையும் உதவியது. பழைய குடிசையில் மணல் தரை, காலடி அதிர்வு எதுவும் போய்ச்சேராது. புது வீட்டில் சிமெண்டுத் தரை. சமையலறையில் அம்மா காலைத் தட்டினால் முன்வாசலில் படுத்திருப்பவன் எழுந்து வருவான். படகின் பலகையிலும் அப்படித்தான். மணலில் மட்டும் அவன் முழுக்கக் கண்ணையும் மூக்கையும் நம்பி இருந்தான்.

பெரிய நாயை வைத்திருப்பவர் பயப்படவேண்டியது அதன் பல்லுக்கு இல்லை, அது திடுக்கிடும் நேரத்துக்கு. தூங்கும் செவிட்டு நாயைப் பின்னால் போய்த் தொட்டால் யார் என்று பார்க்கும் முன்பே வாய் திரும்பிவிடும். அது கோபமில்லை. முப்பது கிலோவுக்குப் பக்கமான நாயின் வாய் என்பதால் குழந்தையின் முகம் கிழிந்துபோக அது போதும். அதனால் குப்பத்துப் பிள்ளைகள் எல்லோருக்கும் ஆயா ஒரே ஒரு விதி வைத்தார்: "தொடாத. மூக்கு முன்னால கைய வெச்சிட்டு நில்லு." இறால் உரித்த கை என்றால் உடனே கண் திறக்கும். பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகள் அவன் மூக்கின் முன் வரிசையாகக் கையை நீட்டிக்கொண்டு நிற்பார்கள். அவன் இருந்த காலம் முழுக்க ஒரு பிள்ளையையும் கடித்ததில்லை.

மற்ற நாய்களோடுதான் சங்கடம். நாய்கள் சண்டையைத் தவிர்ப்பது உறுமலால். 'என் சோற்றுப் பக்கம் வராதே' என்று அடித்தொண்டையில் ஒன்று உறுமினால் அடுத்தது ஒதுங்கிப் போகும். இவனுக்கு அது கேட்காது. நேராகப் போய்த் தட்டில் வாய் வைப்பான், கடி வாங்குவான். ஊரே அவனை அடாவடி நாய் என்று சொன்னது. கூர்ந்து பார்த்தால் அவன் பக்கம் ஒரு முரட்டுத்தனமும் இல்லை. எதிரி நாய் பல்லைக் காட்டியதும் முகத்தைத் திருப்பி, உதட்டை நக்கி, ஒரு கொட்டாவி விடுவான். நாய்களிடையே அது சமாதானப் பேச்சு. கண்ணுக்குத் தெரிந்ததற்கெல்லாம் ஒழுங்காகப் பதில் சொன்னான். சோற்று நேரத்தில் தனியாகக் கட்டிப்போட்டோம், சண்டை நின்றது.

சோறு என்றதும் சொல்லவேண்டும். மார்பு ஆழமான பெரிய நாய்கள் ஒரே வேளையில் வயிறு முட்டத் தின்றுவிட்டு ஓடினால் இரைப்பை காற்றடைத்து முறுக்கிக்கொள்ளும். சில மணி நேரத்தில் உயிர் போகும். ஆகவே இரண்டு வேளையாகப் பிரித்துப் போட்டு, தின்றபின் ஒரு மணி நேரம் கட்டி வைப்போம். நொய்க் கஞ்சியில் மீன் தலைகளை வேகவைத்து, முள் எடுத்துப் பிசைந்து போடுவார் அம்மா. பச்சை மீன் கூடாது. சில வகை மீன்களில் பி1 வைட்டமினை அழிக்கும் பொருள் உண்டு, வெந்தால் அது போய்விடும். எங்களுக்கு உண்மையான பயம் கரையில் கிடக்கும் பேத்தை மீன்தான். வலையில் வரும், யாரும் தின்பதில்லை, அப்படியே மணலில் எறிவார்கள். அதன் ஈரலிலும் சினையிலும் இருக்கும் நஞ்சுக்கு மாற்று மருந்து கிடையாது. கைகால் மரத்து மூச்சு நின்றுவிடும். நைனா தன் வலையில் வந்ததை மணலில் குழி தோண்டிப் புதைப்பார். மெல்ல மெல்ல மற்றவர்களும் புதைத்தார்கள். கெளுத்தி முள்ளும் அப்படித்தான், நாயின் தொண்டையில் மாட்டினால் எடுப்பது பெரும்பாடு.

தண்ணீரைப் பற்றி அம்மா முதலில் கவலைப்பட்டது சரிதான். பழவேற்காடு ஏரித் தண்ணீர் மழைக்காலத்தில் ஆரணி ஆறும் காளங்கியும் வந்து கலப்பதால் உப்புக் குறைந்திருக்கும். கோடையில் முகத்துவாரம் மணலால் அடைபட்டு, வெயிலில் வற்றி, கடலைவிடவும் கரித்துப்போகும். தாகத்தில் அதை நக்கிய நாய்க்கு வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும். அதனால் ஒரு மண்பானை நல்ல தண்ணீர் வெள்ளையனுக்கென்றே வாசலில் இருந்தது. அரைக் குடம் தினமும் அவன் பங்கு. அம்மா அந்தப் பங்கை ஒருநாளும் குறைத்ததில்லை. வெயிலும் அவனுக்கு எதிரி. நிறமில்லாத தோல் எரிந்து புண்ணாகும், நாள்பட்டால் புற்றாகவும் மாறும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். உச்சி நேரத்தில் கரையேற்றிக் கவிழ்த்த படகின் நிழலில்தான் இருப்பான்.

கார்த்திகை தொடங்கிப் பங்குனி வரை இன்னொரு கவலை, பூநாரைகள். சில்கா ஏரிக்கு அடுத்தபடியாக நாட்டிலேயே பெரிய உவர்நீர் ஏரி எங்களுடையது. பறவைகள் சரணாலயமும்கூட. ராஜபாளையம் கண்ணால் பார்த்து ஓடிப் பிடிக்கும் வேட்டை நாய். காது கேட்காததால் இவன் கண் இன்னும் கூர்மையாக வேலை செய்தது. கால் நனையும் தண்ணீரில் நூற்றுக்கணக்கில் பூநாரைகள் மேய்வதைக் கண்டால் உடம்பெல்லாம் விறைத்து நிற்பான். ஓடத் தொடங்கிவிட்டால் திரும்பிப் பார்க்கும் பழக்கமெல்லாம் போய்விடும். ஆயிரக்கணக்கான மைல் பறந்து வரும் பறவைகளும் உண்டு, ஒரு நாய் ஓடினால் கூட்டமே மேய்ச்சலை விட்டு எழும்பும். அந்த மாதங்களில் நீளமான நைலான் கயிறு இல்லாமல் அவனை வெளியே விட்டதில்லை. கயிற்றின் ஒரு முனை என் இடுப்பில். அவன் பூநாரைகளைப் பார்ப்பான், நான் அவனைப் பார்ப்பேன். எத்தனையோ மாலைகள் அப்படிப் போயின. என் வாழ்க்கையில் நான் பெரிதாக எண்ணும் நேரங்களில் அவையும் உண்டு.

2016 டிசம்பர் 12. வர்தா புயல். எங்களைப் பள்ளிக்கூடத்தில் வந்து தங்கச் சொன்னார்கள். நாய்க்கு இடமில்லை என்றார்கள். கட்டிவிட்டு வாங்க, ஒன்றும் ஆகாது என்று ஒருவர் யோசனை சொன்னார். அமெரிக்காவில் 2005-ல் கத்ரீனா புயலின்போது நாயை விட்டு வர மனமில்லாமல் வீட்டிலேயே தங்கி உயிரிழந்தவர்கள் உண்டு. அடுத்த வருடமே, பேரிடர்த் திட்டத்தில் வளர்ப்புப் பிராணிகளையும் சேர்க்கவேண்டும் என்று அங்கே சட்டம் வந்தது. எனக்கு அன்று இதெல்லாம் தெரியாது. ஆயா மட்டும் பள்ளிக்கூட வாசலில் நின்று, "அது வெளிய நின்னா நானும் வெளிய நிக்கிறேன்" என்று சொல்லிவிட்டார். தாழ்வாரத்து மூலையில் இடம் கிடைத்தது. காற்றின் ஓலத்தில் உள்ளே பெரியவர்களே நடுங்கினார்கள். ஓலம் கேட்காத வெள்ளையன் ஆயாவின் காலடியில் படுத்துக் கண்ணை மூடிக்கொண்டான். எங்கோ மரம் விழுந்து தரை அதிரும்போது மட்டும் தலையைத் தூக்கி ஆயா முகத்தைப் பார்ப்பான். ஆயா உள்ளங்கையைக் கீழே இறக்குவார். திரும்பப் படுத்துக்கொள்வான். அழுதுகொண்டிருந்த பிள்ளைகள் அவனைப் பார்த்துத்தான் அடங்கினார்கள்.

பெரிய இன நாய்கள் சீக்கிரம் மூப்படையும். வர்தாவின்போதே அவனுக்கு இடுப்பு தளர்ந்துவிட்டது. அதற்கு இரண்டு வருடம் கழித்து, ஆயாவுக்கு முன்பாகவே போனான். சவுக்குத் தோப்பை ஒட்டிப் புதைத்தோம்.

வெள்ளையனைப் போன்ற நாட்டு நாய்களுக்கென்று சைதாப்பேட்டையில் 1980-81-ல் அரசே இனப்பெருக்கப் பிரிவு தொடங்கியது. 2005 ஜனவரியில் ராஜபாளையத்துக்கு அஞ்சல் தலை வந்தது. 2020 ஆகஸ்டில் பிரதமர் தம் வானொலி உரையில் ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை என்று பெயர் சொல்லி நாட்டு நாய் வளர்க்கச் சொன்னார். நல்லதுதான், வளர்க்கட்டும். ஆனால் வெள்ளைக் குட்டி வாங்கப் போகிறவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. குட்டிக்கு ஐந்து, ஆறு வாரம் ஆனபிறகு, அது வேறெங்கோ பார்த்துக்கொண்டிருக்கும்போது பின்னால் தள்ளி நின்று ஒரு சாவிக்கொத்தைக் குலுக்கிப் பாருங்கள். தாய்க்கும் தகப்பனுக்கும் காது கேட்கிறதா என்று விற்பவரிடம் கேளுங்கள். கேட்காத நாயை இனவிருத்திக்கு விடாதீர்கள். வீட்டுக்கு வந்தபிறகு தெரிந்தால் கோணிப்பையில் கட்டி யாரிடமாவது தள்ளிவிடாதீர்கள், தெருவிலும் விடாதீர்கள். வண்டி வருவது அதற்குக் கேட்காது. வெளியே எப்போதும் கயிற்றோடு கூட்டிப்போங்கள், ஒரு துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொள்ளுங்கள்.